வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தி: ஒரு வரலாறு

கடல் சாமந்தி பாறையிலோ மணலிலோ ஒட்டி வாழும் முதுகெலும்பற்ற உயிரி. கடல் அனிமோன் என்றும் அழைக்கப்படுகிறது. பவளத்துக்கும் சொறிமீனுக்கும் உறவானது. பெயரும் தோற்றமும் பூவை நினைவூட்டினாலும் இது ஊன் உண்ணும் விலங்கு. உடலின் மேற்புறத்தில் ஒரு வாய், அதைச் சுற்றிக் கொட்டும் செல்கள் கொண்ட உணர்நீட்சிகள், கீழே ஒட்டிக்கொள்ளும் பாதத்தட்டு, இவ்வளவுதான். அந்தப் பாதத்தால் மெல்ல நகரவும் முடியும். இதைத் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஏற்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த நகர்தலில் இருந்தே தொடங்குகின்றன.

எடின்பரோவின் 'பாட்டி'

வளர்ப்பு வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட கடல் சாமந்தி ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. இயற்கை ஆய்வாளர் சர் ஜான் டேலியல் 1828-ல் வட பெரிக் கடற்கரையில் அதை எடுத்து, எடின்பரோவில் ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்தார். அன்று வடிகட்டியோ காற்றுக்குழாயோ கிடையாது. கடலில் இருந்து புதிய நீரைக் கொண்டுவரச் செய்து அடிக்கடி மாற்றுவதே அவருடைய முறை. சிப்பிச் சதை உணவாகக் கொடுக்கப்பட்டது. டேலியல் 1851-ல் இறந்தார், சாமந்தி இறக்கவில்லை. அறிஞர்கள் கைமாறி, கடைசியில் எடின்பரோ தாவரவியல் பூங்காவுக்கு வந்து, நூற்றுக்கணக்கான குட்டிகளை ஈன்று, 1887-ல்தான் மடிந்தது. குடுவையில் வாழ்ந்த காலம் மட்டும் 59 ஆண்டுகள். 'பாட்டி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

கடல் சாமந்தியிடம் முதுமையின் அடையாளங்கள் தெளிவாகக் காணப்படுவதில்லை. ஆகவே தொட்டியில் சில மாதங்களில் இறக்கும் ஒரு சாமந்தி வயதாகி இறந்தது என்று சொல்ல இடமில்லை. நீர், ஒளி, பிடிபட்டபோது ஏற்பட்ட காயம் என ஏதோ ஒன்றே காரணமாக இருக்கும்.

கடற்கரையைக் காலி செய்த மோகம்

1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் நன்னீர்த் தொட்டியை விளக்கினார். செடி வெளியிடும் ஆக்சிசன் மீனுக்குப் போதும் என்பது அதன் அடிப்படை. ஃபிலிப் ஹென்றி காஸ் அதே கருத்தைக் கடல்நீருக்குக் கொண்டுசென்றார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு காஸின் 'தி அக்வேரியம்' நூல் வெளிவந்ததும் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க வீடுகளில் கடல் தொட்டி ஒரு மோகமாகப் பரவியது. அதில் முதலிடம் பிடித்தவை கடல் சாமந்திகள். பிரிட்டனின் கடல் சாமந்திகளுக்கென்றே காஸ் 1860-ல் தனி நூல் ஒன்றை முடித்தார்.

விளைவு நல்லதாக இல்லை. கூடையும் உளியுமாகக் கிளம்பிய கூட்டம் பாறைக் குட்டைகளைச் சுரண்டி எடுத்தது. காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய தன்வரலாற்று நூலில், தந்தையின் புத்தகங்களே அந்தக் கரைகளை வெறுமையாக்கின என்று வருந்தினார்.

காஸ் செய்த இன்னொரு காரியத்தின் பயன் நீண்டகாலம் நின்றது. 1854-ல் அவர் சாதாரண உப்புடன் எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றைச் சேர்த்துச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். 1960களில் கலவை உப்பு பொட்டலங்களாக விற்பனைக்கு வந்தது. ஆரணிக்கு அருகில் உள்ள செய்யாறு போன்ற கடலில்லாத ஊரிலும் ஒருவர் இன்று கடல் தொட்டி வைக்க முடிகிறது என்றால் அதன் தொடக்கம் இங்கேதான்.

வெப்பமண்டலச் சாமந்தியும் ஒளியும்

டேலியலின் 'பாட்டி' குளிர்கடலைச் சேர்ந்தது. இரையும் தூய நீரும் அதற்குப் போதும். பவளத்திட்டுகளில் கோமாளி மீன்களுக்கு இடம் கொடுக்கும் பெரிய சாமந்திகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் பிராண்ட் 1881-ல் இத்தகைய பாசிகளுக்கு 'சூசாந்தெல்லா' என்று பெயரிட்டார். பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதன் பெரும்பங்கைச் சாமந்திக்குத் தருகிறது. ஒளி குறைந்தால் சாமந்தி பட்டினி கிடக்கும். பாசியை இழந்து வெளுக்கும். கடையில் தூய வெள்ளையாக மின்னும் சாமந்தியை அழகு என்று வாங்குபவர் உண்மையில் நோயாளியை வாங்குகிறார்.

இந்த அறிவு வீட்டுத் தொட்டியை எட்ட நெடுங்காலம் ஆயிற்று. 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலில் இருந்து எடுத்த உயிருள்ள பாறை, காற்றுக்குமிழி, சூரிய ஒளி ஆகியவற்றை மட்டும் கொண்டு பவளங்களையும் சாமந்திகளையும் வளர்த்த முறையை எழுதினார். பாறையில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே அங்கே வடிகட்டி. இந்தோனேசியாவின் வெயில் கிடைக்காத ஐரோப்பியர்கள் பின்னர் உலோக ஹேலைடு விளக்குகளால் அக்குறையைத் தீர்த்தனர். எல்.இ.டி. விளக்குகள் அதற்கும் பின்னர் வந்தவை.

சென்னை, குருசடை, மண்டபம்

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பாம்பன், ராமேசுவரம் பகுதிகளின் கடல் உயிர்களை ஆராய்ந்து 1890-ல் மன்னார் வளைகுடா பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் அமைக்கும் திட்டமும் அவருடையதே. 1909 அக்டோபரில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதி நூல் வெளியானதும் அதே ஆண்டில்தான். (மன்னார் வளைகுடாவில் காணப்படும் பெரிய கம்பளச் சாமந்தியின் பெயரான 'ஸ்டைக்கோடாக்டைலா ஹட்டோனி'யில் உள்ள ஹேடனும் கடல் உயிரியலில் தொடங்கி மானிடவியலுக்குப் போனவரே.) 1919-ல் காட்சியகம் மீன்வளத் துறையிடம் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல் மூடப்பட்டது, பிறகு மீளவில்லை.

1927-ல் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. 1930களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் நா. கேசவ பணிக்கர் உவர்நீரில் வாழும் சிறிய கடல் சாமந்திகளை ஆராய்ந்தார். 1937-ல் 'பொலோசெராக்டிஸ்' என்ற புதிய பேரினத்தை விவரித்தார். உப்பின் அளவு மாறும்போது உயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது அவரைத் தொடர்ந்து ஈர்த்த கேள்வி. அவர் பின்னாளில் மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கும், 1966-ல் தொடங்கப்பட்ட தேசிய கடலியல் நிறுவனத்துக்கும் தலைமை தாங்கினார்.

2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படம் வந்தபின் கோமாளி மீனுக்குத் தேவை பெருகியது. அந்தப் பத்தாண்டில் மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களில் இருந்த மத்திய நிலையத்தின் மையங்களும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்தன. பொரிப்பகக் குஞ்சுகள் சாமந்தி இல்லாமலே வளர்கின்றன. கடலில் கோமாளி மீனுக்குச் சாமந்தியே கோட்டை. தொட்டியில் பகைவன் இல்லாததால் கோட்டையும் தேவையில்லை. மீனுக்குத் துணை வேண்டும் என்று சாமந்தியையும் சேர்த்து வாங்கும் வழக்கத்துக்கு இது நேரான பதில். ஆனால் அழகு கருதி அந்த வழக்கம் தொடர்கிறது.

நிலைகொள்ளுதல்

கம்பளச் சாமந்தி ஆழமான மணலில் பாதத்தைப் புதைத்துக்கொள்ளும். குமிழ்முனைச் சாமந்தி பாறை இடுக்கைத் தேடும். 'ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகா' பாறையின் உச்சிக்கு ஏறும். பாதத்துக்கு ஏற்ற இடமும், மேலே போதிய ஒளியும், அளவான நீரோட்டமும் கிடைத்தால் அது அங்கேயே நிற்கும். கிடைக்காவிட்டால் இரவில் கிளம்பும். நகரும் சாமந்தி நீரேற்றியின் வாயில் சிக்கினால் தானும் சிதைந்து, நீரில் கலக்கும் கழிவால் தொட்டி முழுவதையும் கொல்லக்கூடும். ஆகவே நீரேற்றிகளுக்குப் பஞ்சு உறையோ வலையோ இடுவது வழக்கம். அது தேர்ந்த இடத்தில் இருந்து கையால் பிடுங்கி மாற்றுவது, பாதத்தைக் கிழித்துக் கொல்லும் வழி.

புதிய தொட்டியில் பாக்டீரியாக்கள் நிலைபெற மாதங்கள் ஆகும். ஆறு மாதமாவது ஓடிய தொட்டியிலேயே சாமந்தியை விடுவது நல்லது. நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசிலும் மாறாமல் இருக்க வேண்டும். உள்நாட்டில் இது எளிதல்ல. செய்யாறு பகுதியின் கோடையில் குளிரூட்டி இல்லாமல் முடியாது. மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் அப்படியே உப்பைக் கலக்கக் கூடாது, ஆர்.ஓ. நீரே ஏற்றது. ஆவியாகும் நீரை ஈடுசெய்ய உப்பில்லாத நீரை ஊற்ற வேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அங்கே உயிர்களைச் சேகரிப்பது குற்றம். 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடானபோது வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. சாமந்தியின் பாசிகளையும் அதே வெப்பம் விரட்டும். குமிழ்முனைச் சாமந்தி தொட்டியில் தானாகவே இரண்டாகப் பிளந்து பெருகுவதால், வளர்ப்பவர்களிடையே கைமாறும் குட்டிகளைப் பெற முடிகிறது. கம்பளச் சாமந்தி அப்படிப் பெருகுவது அரிது. கடையில் இருப்பது பெரும்பாலும் கடலில் இருந்து பிடுங்கி வந்ததே.