பிளவுறாப் பிற்றுச் செயல்கள்: ஓர் எளிமையாக்கத்தின் வரலாறு

கணினியின் வரலாறு எனத் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. எந்த ஆண்டில் எந்தப் பொறி தோன்றியது, அதன் வேகம் யாது, அதனை ஆக்கியோர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவதோடு அவை நின்றுவிடும். அப்பொறிகளை ஆளுகின்ற நிரலின் உள்ளே நிகழ்ந்த மாற்றங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதுவோர்தாம் அருகியே காணப்படுகின்றனர். பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கேர்னலில், நினைவகத்திலுள்ள ஒரேயொரு பிற்றைப் பிறர் இடைபுகாவண்ணம் மாற்றும் செயல் எங்ஙனம் தோன்றியது, எத்தனை வடிவங்களாகப் பெருகியது, 2018ஆம் ஆண்டில் எவ்வாறு எளிமையாக்கப்பட்டது, அவ்வெளிமையாக்கம் நான்காண்டுகளின் பின் எவ்விடத்தில் இடறியது என்பனவற்றை இக்கட்டுரை நோக்குகின்றது. பொருள் சிறிதெனினும், நிரலைச் சுருக்குவதும் நிரலை எளிமையாக்குவதும் ஒன்றுதானா என்ற பெரிய வினா அதனுள் அடங்கியுள்ளது.

பிற்று என்பது 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளுள் ஒன்றை ஏற்பது. கேர்னல் இத்தகைய பிற்றுகளை அடையாளக் கொடிகளாகக் கொள்கின்றது. நினைவகத்தின் ஒரு பக்கம் பூட்டப்பட்டுள்ளதா, ஒரு வேலை வரிசையில் காத்திருக்கின்றதா என்பன போன்ற செய்திகளுக்கு ஒவ்வொரு பிற்றே போதும். 64 பிற்றுகள் சேர்ந்து ஒரு நினைவகச் சொல்லாகின்றன. கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனையின் கைத்தறிகளைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பாவில் அருகருகே நீண்டு கிடக்கும் இழைகள் ஒவ்வொன்றும் மேலெழுந்திருக்கும், அன்றேல் தாழ்ந்திருக்கும். ஆனால் உவமை இவ்விடத்தோடு முறிந்துபோகின்றது என்பதே நமக்கு முக்கியமானது. நெசவாளி ஓர் இழையை மட்டும் விரலால் தூக்கிவிடலாம். அயல் இழை அசையாது. கணினியில் அது இயலாது. ஒரு பிற்றை மாற்ற வேண்டுமாயின் 64 பிற்றுகளையும் ஒருங்கே நினைவகத்திலிருந்து முறைவழியாக்கியின் பதிவகத்திற்கு எடுத்து, வேண்டியதை மாற்றி, மீண்டும் 64ஐயும் எழுதிவைத்தல் வேண்டும். ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் தறியிலிருந்து கழற்றி மாட்டுவதற்கு ஒப்பானது இது.

இரு முறைவழியாக்கிகள் ஒரே சொல்லில் வெவ்வேறு பிற்றுகளை ஒரே வேளையில் மாற்ற முனைந்தால் நேர்வது யாது? முதலாவது சொல்லை எடுக்கின்றது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் அதே பழைய சொல்லை எடுத்துவிடுகின்றது. முதலாவது தன் பிற்றை இட்டு எழுதுகின்றது. பின்னர் இரண்டாவது தன் பிற்றை இட்டு, பழைய சொல்லின் மேல் எழுதுகின்றது. முதலாவது இட்ட பிற்று மறைந்துபோகின்றது. எவரும் தவறிழைக்கவில்லை, ஆயினும் ஒரு செய்தி தொலைந்துவிட்டது. எடுத்தல், மாற்றல், எழுதல் ஆகிய மூன்றும் இடைவெட்டின்றி ஒன்றாக நிகழவேண்டும் என்ற தேவை இங்ஙனம் எழுகின்றது. இத்தன்மை கருதியே ஆங்கிலத்தில் இவற்றை அணுச் செயல்கள் என்று வழங்கினர். அணு பிளக்கப்பட்ட பின்னும் அப்பெயர் நிலைத்துவிட்டது. பொருள் தெளிவு கருதிப் 'பிளவுறாச் செயல்' என இங்கு வழங்குவோம்.

இச்சிக்கலுக்கு முதலில் தீர்வு தேடியோர் பொறியிடம் சிறப்பான உதவி எதனையும் வேண்டினாரில்லை. படித்தலும் எழுதலும் மட்டுமே தனித்தனியே பிளவுறாதவை எனக் கொண்டு, இரு செயல்கள் ஒன்றையொன்று விலக்கி நடக்க வழியுண்டு என்பதை ஒல்லாந்துக் கணிதவியலாளர் டெக்கர் காட்டினார். அதனைப் பல செயல்களுக்கு விரித்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். டைக்ஸ்ட்ரா தாம் வகுத்த ஒத்திசைவுக் கருவிக்குச் 'செமஃபோர்' எனப் புகையிரதக் கைகாட்டியின் பெயரையே சூட்டினார். அப்பெயரின் பொருத்தம் நம் பகுதியினர்க்கு நன்கு விளங்கும். மாகோவிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பாதை ஒற்றைத் தடம். ஒரு நிலையத்திற்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட துண்டுக்குரிய உலோக வில்லையை வளையத்தோடு பெற்றுக்கொண்ட சாரதியே அத்துண்டினுள் நுழையலாம் என்பது இத்தகைய ஒற்றைத் தடங்களில் நெடுங்காலம் நிலவிய ஒழுங்கு. வில்லை ஒன்று, ஆதலின் வண்டியும் ஒன்று.

எனினும் பொறியாளர்கள் வேறு வழியிற் சென்றனர். 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் 'டெஸ்ட் அன்ட் செட்', அதாவது 'சோதித்து இடு' என்னும் அறிவுறுத்தல் இடம்பெற்றது. அது நினைவகத்தின் ஒரு பைற்றிலுள்ள முதற் பிற்றின் பழைய நிலையைக் கூறிக்கொண்டே அப்பைற்று முழுவதையும் 1களால் நிரப்பும். வில்லை இருந்ததா என்று பார்ப்பதும் அதனை எடுத்துக்கொள்வதும் ஒரே அசைவில் முடிந்துவிடும். 1970களில் சிஸ்டம்/370 இல் 'ஒப்பிட்டு மாற்று' என்னும் அறிவுறுத்தல் சேர்ந்தது. நினைவகச் சொல் நான் எதிர்பார்த்த பழைய மதிப்பையே உடையதாயின் புதியதை எழுது, அன்றேல் வாளாவிரு என்பது அதன் பொருள்.

இதன் பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வழியைத் தேர்ந்தது. இன்டெல் 1985இல் வெளியிட்ட 80386இல் ஒரு பிற்றைச் சோதித்து இடவும், நீக்கவும், புரட்டவும் தனி அறிவுறுத்தல்கள் இருந்தன; 'லொக்' என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் அவை பிளவுறாதனவாகும். ஹியூலெற் பக்கார்டின் பி.ஏ.-ரிஸ்க் பொறியோ 'எடுத்துச் சுழியமாக்கு' என்ற ஒன்றை மட்டுமே தந்தது. அதனைக் கொண்டு பூட்டு ஒன்று செய்யலாம்; நேரே ஒரு பிற்றை மாற்ற இயலாது. மிப்ஸ் ஆர்4000 (1991), அல்பா (1992) ஆகியவற்றில் இணை அறிவுறுத்தல்கள் அமைந்தன: முதலாவது சொல்லை எடுத்து அவ்விடத்தைக் கண்காணிக்கும், இடையில் எவரும் தீண்டாதிருந்தால் மட்டுமே இரண்டாவது எழுதும், தீண்டியிருந்தால் தோல்வி கூறும், மீண்டும் முயலவேண்டும். ஆர்ம் குடும்பமும் பிற்காலத்தில் இவ்வழியையே பின்பற்றியது.

இவற்றுள் எது வலியது என்ற வினாவுக்கு மொரிஸ் ஹெர்லிஹி 1991இல் விடை கண்டார். பூட்டில்லாமல் எத்தனை செயல்களை ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவர இயலும் என்பதனை அளவுகோலாகக் கொண்டால், 'சோதித்து இடு' இரண்டோடு நின்றுவிடும். 'ஒப்பிட்டு மாற்று' எத்தனைக்கும் போதும். பிற்றைத் தொடும் செயல் அடிப்படையான ஒன்றன்று, வலிய வேறொன்றிலிருந்து வருவிக்கத்தக்கது என்னும் முடிவு இதனுள் மறைந்து கிடந்தது. கேர்னல் எழுதுவோர் அதனைக் கைக்கொள்ளக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

லினஸ் டோர்வல்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது அவர் கையிலிருந்தது ஒற்றை 80386 பொறி. பல முறைவழியாக்கிகளுக்கான ஆதரவு 1996இல் வெளிவந்த 2.0 பதிப்போடுதான் வந்தது. லினக்ஸ் வேற்றுப் பொறிகளுக்குப் பரவப் பரவ, பிற்றுச் செயல்களை ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒருங்குசேர்ப்பு மொழியில் தனித்தனியே எழுதினர். இடு, நீக்கு, புரட்டு என மூன்று. பழைய நிலையைத் திருப்பித் தருவனவாக மேலும் மூன்று. ஆக ஆறு செயற்கூறுகள். குடும்பங்களின் எண்ணிக்கையால் இவற்றைப் பெருக்கிப் பார்த்தால் வேலையின் அளவு புரியும். தனக்கென எழுதப்படாத பொறிக்காகப் பொதுக் கோப்பு ஒன்றும் இருந்தது. அது நான்கே பூட்டுகளை வைத்துக்கொண்டு, சொல்லின் முகவரியைப் பொறுத்து அவற்றுள் ஒன்றைப் பூட்டி, குறுக்கீடுகளையும் நிறுத்திவைத்து, பிற்றை மாற்றிய பின் பூட்டைத் திறக்கும். பி.ஏ.-ரிஸ்க் போன்ற வறிய பொறிக்கு அதனைவிட வேறு வழியில்லை. வசதியுள்ள பொறிக்கோ அது வீண்சுமை. ஆதலின் பொதுக் கோப்பை எவரும் விரும்பினாரில்லை. ஒவ்வொருவரும் தமக்கெனத் தனியே எழுதிக்கொண்டனர்.

இவ்விடத்தில் தமிழகத்தின் பங்கு ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த அறிவுறுத்தல் தொகுதியை ஏற்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 'சக்தி' முறைவழியாக்கிகளை வடிவமைத்தனர். 2018இல் அவற்றுள் ஒன்று இன்டெலின் ஒரிகன் ஆலையில் 22 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டு லினக்ஸை இயக்கிற்று. பின்னர் சண்டிகாரிலுள்ள ஆலையில் 180 நனோமீற்றர் முறையில் மற்றொன்று உருவாயிற்று. ரிஸ்க்-ஃபைவ் தொகுதியின் பிளவுறாச் செயல்களுக்கான பகுதியில், நினைவகச் சொல்லொன்றோடு 'அல்லது' என்னும் தருக்கச் செயலை நிகழ்த்தி அதன் பழைய மதிப்பைத் திருப்பித் தரும் அறிவுறுத்தல் உண்டு. எந்தப் பிற்று வேண்டுமோ அதில் மட்டும் 1 உடைய முகமூடி எண் ஒன்றை ஆக்கி, இவ்வறிவுறுத்தலுக்குக் கொடுத்தால் பிற்று இடப்பட்டுவிடும். 2018 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15இல் ரிஸ்க்-ஃபைவுக்கான பிற்றுச் செயல்கள் இவ்வாறே எழுதப்பட்டிருந்தன. பிற்றுக்கெனத் தனி அறிவுறுத்தல் எதுவும் தேவையில்லை என்பது அங்கு வெளிப்படையாகவே தெரிந்தது.

அதே ஆண்டில் ஆர்ம் நிறுவனத்தைச் சேர்ந்த வில் டீக்கன் பொதுக் கோப்பைப் புதிதாக எழுதினார். நான்கு பூட்டுகளும் அகன்றன. கேர்னலில் ஏற்கெனவே முழுச் சொல்லுக்கென இருந்த 'எடுத்து-அல்லது' போன்ற பிளவுறாச் செயல்களை அழைத்து, முகமூடி எண்ணை அவற்றுக்குக் கொடுப்பதே ஒவ்வொரு பிற்றுச் செயலின் உடலும் ஆயிற்று. 'ஒப்பிட்டு மாற்று' மட்டுமே உள்ள பொறியிலும், இணை அறிவுறுத்தல் உள்ள பொறியிலும், ஒரே அறிவுறுத்தலில் முடித்துவிடும் பொறியிலும் வேறுபாடு கீழ்த்தளத்தோடு மறைந்துவிடும். 64 பிற்று ஆர்ம் பொறிகளுக்கெனக் கையால் எழுதப்பட்டிருந்த ஒருங்குசேர்ப்பு மொழிக் கோப்பு நீக்கப்பட்டு, அவையும் இப்பொதுக் கோப்பைப் பயன்படுத்தலாயின. ஆர்ம் 8.1 கட்டமைப்புக் கொணர்ந்த புதிய விரைவு அறிவுறுத்தல்களின் பயனும் இதனால் தானாகவே கிட்டியது. மாற்றம் 4.19 பதிப்பில் வெளிவந்தது. இது வெறும் சுருக்கமன்று. ஆறு செயற்கூறுகளின் சரிமையை ஒவ்வொரு பொறியிலும் தனித்தனியே நிறுவவேண்டிய சுமையை நீக்கிய உண்மையான எளிமையாக்கமேயாகும் என்பது என் துணிபு.

ஆனால் புதிய கோப்பில் இரு சிறு வரிகள் கூடுதலாக இருந்தன. 'சோதித்து இடு' செயற்கூறு முதலில் சொல்லைச் சாதாரணமாகப் படித்துப் பார்க்கும். பிற்று ஏற்கெனவே 1 ஆக இருந்தால், செய்வதற்கு ஒன்றுமில்லையாதலின், விலைகூடிய பிளவுறாச் செயலை நிகழ்த்தாமலே திரும்பிவிடும். 'சோதித்து நீக்கு' செயற்கூற்றிலும் இத்தகைய ஒரு முன்சோதனை இருந்தது. பார்வைக்கு இது குற்றமற்ற சிக்கனம். நீக்கப்பட்ட பழைய ஆர்ம் நிரலில் இக்குறுக்குவழி இருக்கவில்லை.

குறை 2022இல் வெளிப்பட்டது. அப்பிள் நிறுவனத்தின் எம்1 பொறிக்கு லினக்ஸைக் கொண்டுசென்ற ஹெக்டர் மார்ட்டின், முனைய அடுக்கில் வந்துசேர்ந்த தரவுகள் சில வேளைகளில் பயனரைச் சென்றடையாமல் தங்கிவிடுவதைக் கண்டு காரணத்தைத் தேடினார். அதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். தருபவர் முதலில் தரவை எழுதிவைத்து, பின்னர் 'வேலை உண்டு' என்னும் பிற்றைச் சோதித்து இடுவார். பெறுபவர் அப்பிற்றை நீக்கிவிட்டுத் தரவைப் பார்ப்பார். பிற்று ஏற்கெனவே இடப்பட்டிருக்கக் கண்ட தருபவர், பெறுபவர் இனித்தான் வரப்போகிறார், வந்து நம் தரவையும் காண்பார் என நம்பித் திரும்புவார். இந்நம்பிக்கை, தரவு எழுதப்பட்ட பின்னரே பிற்று படிக்கப்பட்டது என்னும் வரிசையின் மேல் நிற்கின்றது. எம்1 போன்ற பொறிகளோ வேகத்தின் பொருட்டு அறிவுறுத்தல்களை முன்பின்னாக நிகழ்த்துவன. சாதாரணப் படித்தல் முந்திக்கொள்ள, தரவு எழுதப்படுமுன்னரே பிற்று படிக்கப்பட்டுவிடும். இதற்கிடையில் பெறுபவர் பிற்றை நீக்கிப் பழைய தரவைப் பார்த்துச் சென்றுவிடுவார். தருபவர் தம் கடமை முடிந்தது எனத் திரும்புவார். புதிய தரவை எடுப்பார் எவருமில்லை. வரிசையைக் காக்கும் வலிமை பிளவுறாச் செயலிடம் இருந்தது. குறுக்குவழி அதனை அழையாமலே திரும்பிவிட்டதனால் அக்காப்பும் உடன் அகன்றுவிட்டது.

இதில் டீக்கனை மட்டும் குறைகூறுதல் முறையன்று. செயற்கூறு தோல்வியுற்றால், அதாவது பிற்று முன்னரே இடப்பட்டிருந்தால், வரிசை காக்கப்படாது என 2018இல் ஓர் ஆவணம் உரைத்தது. எப்போதும் வரிசை காக்கப்படும் என மற்றொரு கோப்பின் குறிப்பு உரைத்தது. பல பொறிகளின் நிரல் இரண்டாவதற்கு ஏற்பவே நடந்துவந்தது. வேலை வரிசையை எழுதியோர் அதனையே நம்பியிருந்தனர். எழுதப்பட்ட வாக்குறுதிகள் இரண்டாக முரண்பட்டு நின்றதைப் பொறி ஒன்று வெளிக்கொணர்ந்தது எனலாம். 2005 முதல் லினக்ஸில் ஒவ்வொரு மாற்றமும் ஆக்கியோன் பெயரோடும் நாளோடும் காரணத்தோடும் கிட் என்னும் முறைமையில் பதியப்பட்டு, எவரும் வாசிக்கத்தக்கதாக உள்ளமையால், ஒலுவிலிலோ கல்முனையிலோ இருக்கும் மாணவரும் இம்முரண்பாட்டை மூல ஆவணங்களிலேயே கண்டறியலாம். பிற துறை வரலாற்றாசிரியருக்கு எளிதிற் கிட்டாத பேறு இது.

2022 ஆகத்தில் திருத்தம் சேர்க்கப்பட்டு, 6.0 பதிப்போடு வெளிவந்தது. திருத்தம் புதிதாக எதனையும் எழுதவில்லை. அம்முன்சோதனைகள் இரண்டையும் அழித்து, ஆவணத்தையும் மாற்றியமைத்தது. பொதுக் கோப்பின் மற்றைய பகுதிகளை அது தீண்டவில்லை. பூட்டுக்கெனத் தனியே அமைந்த 'சோதித்து இடு' வடிவத்தில் மட்டும் முன்சோதனை விடப்பட்டது. பூட்டைப் பெறாதவர் அது காக்கும் தரவைத் தீண்டுவதில்லை. ஆதலின் அவருக்கு வரிசை பற்றிய வாக்குறுதி தேவைப்படுவதுமில்லை.