வீடு தேடிச் சென்ற காசநோய்க் கண்காணிப்பு

1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நகரின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை, சானடோரியம் எனப்படும் காசநோய்த் தனி மருத்துவமனையில் தங்குவோர், வீட்டிலிருந்தே மருந்துண்போர் என இரு பிரிவாக்கி, ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஆகிய அதே மருந்துகளை இருசாராருக்கும் ஓராண்டு அளித்தது. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்ற பணியாளர்கள் எஞ்சிய மருந்தை எண்ணிப் பார்த்ததோடு, மற்ற மருந்து உண்மையில் உட்கொள்ளப்பட்டதா என்றறியச் சிறுநீர் மாதிரியும் பெற்றனர். வரலாற்று நூல்கள் போதிய அளவு போற்றாத அரிய உழைப்பு இது. நோயாளியோடு ஒரே அறையில் உறங்கும் குழந்தைகளைத் தொற்று பீடிக்குமே என்ற அச்சம் நியாயமானதாகையால், குடும்பத்தினரும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். வீட்டுச் சிகிச்சை பெற்றோரின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை எனத் தெரிந்ததும், பல நாடுகள் சானடோரியங்களைக் கைவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறத் தொடங்கின.