எரிஞ்சாத்தான் பிடிக்கும்

2023இல் ஆறு மாதம் சிகாகோவில் ஆன்சைட் இருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு கறுப்பினப் பெண், டெஸ்டிங் லீட். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது தன் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னார். கர்ப்பப்பைப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்துவிட்டது, இப்போது வழக்குப் போடலாமா என்று வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறார். யார் மேல் என்று கேட்டேன். "முடியை நேராக்குற க்ரீம் விக்கிற கம்பெனிங்க மேல" என்றார்.

உண்மையைச் சொன்னால், நான் நம்பவில்லை. தலையில் தடவுகிற க்ரீமுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வியோடு அன்று இரவு படிக்க உட்கார்ந்தேன்.

இதன் வரலாறு ஒரு தையல் மிஷினில் ஆரம்பிக்கிறது. கிளீவ்லாண்டில் தையல் மிஷின் ரிப்பேர் செய்துவந்த காரெட் மார்கன் என்ற கறுப்பினத்தவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊசியின் உராய்வைக் குறைக்க ஒரு திரவம் தயாரித்தார். அதைத் துடைத்த கம்பளித் துணியின் இழைகள் நேராகிவிட்டன. பக்கத்து வீட்டு நாய் மேல் தடவிப் பார்த்தார், பிறகு தன் தலையில் தடவிக்கொண்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. புகையிலிருந்து காக்கும் முகமூடிக்கும், 1923இல் டிராஃபிக் சிக்னலுக்கும் காப்புரிமை வாங்கியவர் இதே ஆள்தான்.

பிறகு வந்த கலவைகளில் முக்கியச் சரக்கு சோடியம் ஹைட்ராக்சைடு. அதாவது காஸ்டிக் சோடா, சாக்கடை அடைப்பை எடுக்கப் போடுவோமே, அதேதான். முடியின் கெரட்டின் புரதத்தில் கந்தக அணுக்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்திருக்கும். அந்தப் பிடியை இது உடைக்கிறது. முடி மறுபடி சுருளாது. ஆனால் முடிக்கும் மண்டைத்தோலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. காஸ்டிக் சோடா, முட்டை, உருளைக்கிழங்கு கலந்து தலையில் பூசிக்கொண்டு துடித்ததை மால்கம் எக்ஸ் 1965இல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

என் தோழிக்கு முதன்முதலில் பூசியபோது ஏழு வயது. சமையலறையில் நாற்காலி போட்டு, காதோரம் வாசலின் தடவி, அம்மாதான் பூசினாராம். எரியுதும்மா என்றால், "இன்னும் கொஞ்ச நேரம், எரிஞ்சாத்தான் பிடிக்கும்" என்பாராம். ஏன் பொறுத்துக்கொண்டீர்கள் என்று கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். இயல்பான முடியோடு வருபவரை வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று ஒரு அமெரிக்க மாநிலம் சட்டம் போட்டதே 2019இல்தான். கலிஃபோர்னியா.

சிகாகோவுக்கு இதில் தனி இடம் உண்டு. 1954இல் ஜார்ஜ் ஜான்சன் இங்கேதான் கம்பெனி தொடங்கினார். தொழிலுக்கு என்று கேட்டபோது கடன் கிடைக்கவில்லை, டூர் போகப் போகிறேன் என்று சொல்லி 250 டாலர் வாங்கினார். 1971இல் அமெரிக்கன் பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் கம்பெனி அவருடையது. எழுபதுகளின் நடுவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அவருடைய க்ரீமில் காஸ்டிக் சோடா எச்சரிக்கை போட வைத்தது. அதே சரக்கை விற்ற ரெவ்லான் எச்சரிக்கை போட்டது ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. எல்லோரும் பேசுவது இந்த ஓரவஞ்சனையைத்தான். பேச வேண்டியதும்தான்.

எனக்கு உறுத்தியது வேறு. அந்த எச்சரிக்கை முழுக்க எரிவதைப் பற்றியது: தோல் புண்ணாகும், கண்ணில் படக் கூடாது. எரிச்சல் எல்லோருக்கும் தெரியும், அது நின்றதும் ஆபத்தும் முடிந்துவிட்டதாக நினைத்தார்கள். எரியாமல் உள்ளே போகக்கூடியதைப் பற்றி டப்பாவில் ஒரு வரி இல்லை.

அதைப் பற்றிய பெரிய தகவல் 2022 அக்டோபரில் வந்தது. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் 33,497 பெண்களைப் பதினோரு வருடம்போலப் பின்தொடர்ந்தது. 378 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். 70 வயதுக்குள் இந்த நோய் வரும் வாய்ப்பு, நேராக்கும் க்ரீமே தொடாதவர்களுக்கு 1.64 சதவீதம், வருடத்தில் நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். ஹார்மோன்களைக் குழப்பும் தாலேட், பாரபென் போன்றவை மேல் சந்தேகம். புண்ணான தோல் வழியே இவை இன்னும் சுலபமாக இறங்கலாம் என்கிறார்கள். எனக்குச் சம்பந்தம் தெரிய ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

சில நாட்களிலேயே முதல் வழக்கு வந்தது. பிறகு ஆயிரக்கணக்கில். லொரியால், ரெவ்லான் உட்படப் பல கம்பெனிகள் மீதான வழக்குகளை 2023 பிப்ரவரியில் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில், நீதிபதி மேரி ரோலண்ட் முன் ஒன்றாகச் சேர்த்தார்கள். கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. வழக்கையே தள்ளுபடி செய்யக் கேட்டதை அந்த நவம்பரில் நீதிபதி பெரும்பாலும் ஏற்கவில்லை.

ஆனால் டேட்டாவோடு பிழைப்பவனாக எனக்கு ஒரு ஓட்டை தெரிகிறது, மறைக்க முடியாது. அந்த ஆய்வு பிராண்டையும் கேட்கவில்லை, உள்ளே என்ன சரக்கு என்றும் கேட்கவில்லை. அது காட்டுவது தொடர்பு. நீதிமன்றம் கேட்பது காரணம், அதுவும் இன்ன கம்பெனியின் இன்ன டப்பா என்று. முப்பது வருடத்துக்கு முன் வாங்கிய க்ரீமுக்கு யாரிடம் பில் இருக்கும்? எந்த பிராண்ட், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று பெரியம்மா படிவத்தில் எழுதியாக வேண்டும்.

தோழி அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் கேட்டார். ரெண்டு மூணு பிராண்ட் மாத்தி மாத்தி, எது மலிவோ அதுதான் என்றார் அம்மா. டப்பாவில் சிரிக்கிற ஒரு சின்னப் பெண் படம் இருந்தது, மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள், அது நல்லா ஞாபகம் இருக்கு என்றார். பேர் மட்டும் வரவில்லை.