வீட்டிலிருந்தே 6 மாத ஹெல்த் சான்றிதழ் படிப்பு: யார் சேரலாம்? படிச்சா என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

"காலேஜ் போக வழியில்லை. ஆனா ஹெல்த் சம்பந்தமா ஏதாவது படிக்கணும்." பிளஸ் டூ முடித்தவர்கள், திருமணத்துக்குப் பிறகு படிப்பை விட்டவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்கள் எனப் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. தேடினால் 'ஆறே மாதத்தில் சான்றிதழ், உடனடி மருத்துவமனை வேலை' என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. இதில் எது உண்மை? தொலைதூரக் கல்வியில் சுகாதார அறிவியல் சான்றிதழ் படிப்பு என்றால் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சான்றிதழ் படிப்பு என்றால் என்ன?

பட்டம், பட்டயம் ஆகியவற்றுக்குக் கீழே உள்ள தொடக்கநிலைப் படிப்புதான் சான்றிதழ் படிப்பு. உடல் எப்படி இயங்குகிறது, சத்துணவு, தாய் சேய் நலம், நோய்த் தடுப்பு, சுத்தம், முதியோர் பராமரிப்பு போன்றவற்றின் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பது இதன் வேலை.

இந்தியாவில் இந்த வகைப் படிப்புகளுக்குப் பலரும் முதலில் பார்ப்பது இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத்தான். 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் இது. தலைமையிடம் டெல்லி. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை ஆகிய இடங்களில் மண்டல மையங்கள் உள்ளன. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரி மற்றும் ஜூலை பருவங்களில், மாணவர் சேர்க்கை நடக்கிறது.

உணவும் சத்துணவும், மருத்துவக் கழிவு மேலாண்மை, வீடு சார்ந்த சுகாதாரப் பராமரிப்பு போன்ற தலைப்புகளில் இக்னோ சான்றிதழ் படிப்புகளை உருவாக்கியுள்ளது. எல்லாப் படிப்பும் எல்லாப் பருவத்திலும் திறந்திருக்காது. அந்தந்தப் பருவத்துக்கான சேர்க்கை அறிவிப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எப்படிப் படிக்கணும்?

பாடப் புத்தகம் அச்சாகவோ டிஜிட்டலாகவோ கிடைக்கும். வீட்டிலேயே படித்து, அசைன்மென்ட் எழுதி, படிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். பிறகு ஜூன் அல்லது டிசம்பரில் பருவத் தேர்வு. இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் என்ற கணக்கு உண்டு. இங்கே பலரும் கோட்டை விடுவது அசைன்மென்ட்டில்தான். தேர்வை நன்றாக எழுதினாலும் அசைன்மென்ட் தராவிட்டால் படிப்பு முடிந்ததாகக் கணக்கில் வராது. தேர்வுக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுவதையும் மறக்கக் கூடாது.

சில படிப்புகளில் செய்முறைப் பயிற்சியும் உண்டு. அதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. மையத்துக்கு நேரில் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அந்த மையம் எவ்வளவு தூரம் என்பதைச் சேரும் முன்பே பாருங்கள்.

தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு 16 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 480 மணி நேரம். ஆறு மாதத்தில் முடிக்க நினைத்தால் தினமும் சுமார் 2 மணி 40 நிமிடம் தேவை. வாசிப்பு, அசைன்மென்ட், பயிற்சி எல்லாம் இதில் அடக்கம்.

வேலை, குழந்தை, சமையல் என்று ஓடுபவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் ஆறு மாதம் என்பது குறைந்தபட்சக் காலம். பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அதே 480 மணி நேரத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்தால், தினமும் 40 நிமிடம் போதும்.

அப்படி என்ன சொல்லித் தருவாங்க?

இந்த வகைப் படிப்புகளில் வரும் விஷயங்களுக்குச் சில உதாரணங்கள்:

- இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் டீ குடித்தால் சத்து உடம்பில் சேர்வது குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு எடுத்தால் கூடும்.

- ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கிலோ கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். எண்ணெய்ப் பலகாரத்தில் கலோரி ஏன் எகிறுகிறது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

- வயிற்றுப்போக்கின்போது ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

- மருத்துவமனைக் குப்பையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிறப் பிரிவுகள் உண்டு. ஊசி, பிளேடு போன்ற கூர்மையானவை வெள்ளையில். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்வது இது. தவறான பையில் போட்ட ஒரு ஊசி, தூய்மைப் பணியாளரின் கையில் குத்தி நோய்த்தொற்றைக் கொண்டுவரலாம்.

சரி, இதைப் படிச்சா நர்ஸ் ஆகலாமா?

ஆக முடியாது. விளம்பரங்கள் மழுப்பும் இடம் இதுதான்.

நர்ஸ் ஆக வேண்டுமென்றால் ஏஎன்எம், ஜிஎன்எம், பி.எஸ்சி நர்சிங் ஆகியவற்றில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் நேரடியாகப் படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட் ஆகவும் அப்படித்தான்: டி.பார்ம் போன்ற படிப்பு, பிறகு பார்மசி கவுன்சில் பதிவு.

லேப் டெக்னாலஜிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன் போன்ற தொழில்களுக்கு 2021ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் என்பது அதன் பெயர். அதன்படி துணைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற தகுதிக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். சுகாதாரத் தொழில் நிபுணர் என்றால் குறைந்தது 3,600 மணி நேரம்.

இப்போது பழைய கணக்கை நினைத்துப் பாருங்கள். நம் சான்றிதழ் படிப்பு 480 மணி நேரம். 2,000 மணி நேரத்தில் கால் பங்குகூட இல்லை. 'ஆறு மாதத்தில் நர்ஸ்', 'ஆறு மாதத்தில் டயட்டீஷியன்' என்று யாராவது சொன்னால், இந்த ஒரு கணக்கே பதில்.

யுஜிசி தடை யாருக்கு?

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பாராமெடிக்கல் போன்ற பட்டப் படிப்புகளைத் தொலைதூரத்தில் நடத்த யுஜிசி-யின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் ஏற்கெனவே அனுமதிப்பதில்லை. 2025ஆம் ஆண்டில் இது இன்னும் இறுகியது. 2021 சட்டத்தின் கீழ் வரும் சுகாதாரப் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர முறையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி அறிவித்தது. உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு மற்றும் சத்துணவு அறிவியல், பயோடெக்னாலஜி, கிளினிக்கல் நியூட்ரிஷன் ஆகியவை அந்த அறிவிப்பில் இடம்பெற்றன.

காரணம் எளிது. நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலையைப் புத்தகம் மட்டும் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே பழைய யூடியூப் வீடியோவையோ, நான்கு ஆண்டுக்கு முந்தைய பிராஸ்பெக்டஸையோ நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அப்போ யாருக்குத்தான் பயன்?

பயன் உண்டு. அங்கன்வாடியிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்பவர்களுக்குச் செய்யும் வேலை இன்னும் தெளிவாகும். ஏற்கெனவே மருத்துவமனையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் தகுதி. வீட்டில் சர்க்கரை நோயாளியையோ படுத்த படுக்கையான பெரியவரையோ கவனிப்பவர்களுக்கு நேரடி உதவி. இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று யோசிக்கும் மாணவர்களுக்கு, பெரிய கட்டணம் கட்டும் முன் ஒரு வெள்ளோட்டம்.

செலவே வேண்டாம், முதலில் படித்துப் பார்க்கலாம் என்றால் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதில் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழுக்காகத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. சான்றிதழைத் தருவது யார்? பல்கலைக்கழகமா, தெருமுனை பயிற்சி மையமா? தொலைதூரக் கல்வியை ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே கட்டுங்கள்.

2. இந்தப் பருவத்தின் சேர்க்கைப் பட்டியலில் இந்தப் படிப்பு இருக்கிறதா?

3. இதை முடித்தால் எந்த கவுன்சிலில் பதிவு செய்யலாம்? 'எதிலும் முடியாது' என்பது பதில் என்றால், இது அறிவுக்கான படிப்பு. தொழில் உரிமம் இல்லை.

4. நீங்கள் குறிவைக்கும் வேலையின் அறிவிப்பில் இந்தச் சான்றிதழ் தகுதியாகக் கேட்கப்பட்டிருக்கிறதா?

நகையை அடகு வைத்துக் கட்டும் பணமாக இருந்தால், மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அங்கே பணம் கட்டாமல் திரும்பிவிடுவதே நல்லது.