தன்னம்பிக்கை நூல்கள் (தமிழ்)

படிப்பவரை நேராக விளித்து, மனத்தைத் திடப்படுத்தி, வாழ்வில் உயர வழி சொல்லும் நூல்கள். சுயமுன்னேற்ற நூல்கள், வாழ்வியல் நூல்கள் என்றும் வழங்கப்படும். இவ்வகையை மேலைநாட்டு வரவு என்று ஒதுக்குவது பொருந்தாது.

பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த முதுமொழிக்காஞ்சியே இதற்கு முன்னோடி. மதுரைக் கூடலூர் கிழார் இயற்றியது. சிறந்த பத்து முதல் தண்டாப் பத்து வரை 10 பிரிவுகள். பிரிவுக்குப் பத்து முதுமொழி. பெயரில் உள்ள காஞ்சி நிலையாமை பேசும் திணை, ஊரைக் குறிப்பதன்று. ஒவ்வொரு பத்தும் உலகத்து மக்கள் எல்லாரையும் நோக்கியே தொடங்குகிறது. ஔவையாரின் ஆத்திசூடியோ ஒரு பிள்ளையை எதிரே நிறுத்தி ஏவுகிறது. யாரை அழைத்துச் சொல்கிறோம் என்பதில்தான் இந்நூல்களின் உயிர் இருக்கிறது.

உரைநடையில் இவ்வகைக்கு வழிகாட்டிய முன்னோடிகளுள் ஒருவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1908இல் சிறை சென்று, கோவைச் சிறையில் செக்கிழுத்து, 1912 இறுதியில் விடுதலையானவர். ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் 1903இல் வெளியிட்ட சிறுநூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். ‘அகமே புறம்’ அடுத்து வந்தது. ஆங்கில அரசு பூட்டிவைத்த மனிதர், ஓர் ஆங்கிலேயரின் நூலில் தமக்கும் தம் மக்களுக்கும் வலிமை தேடினார்; அந்த நெஞ்சுரத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். மனத்தை நெசவாளியாக்கி, உள்ளாடையான குணத்தையும் மேலாடையான சூழ்நிலையையும் அதுவே நெய்கிறது என்பது ஆலனின் உவமை. காஞ்சிபுரத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. குணமும் சூழ்நிலையும் பிணைவது போலத்தான் அங்கே கோர்வைச் சேலையும்: உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடா. ஒவ்வோர் ஊடையிலும் இரண்டு நிற இழைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஓரிடத்தில் கோர்வை தப்பினாலும் கரை உடலோடு ஒட்டாமல் விலகிப்போகும். அதனால் தறியில் நெசவாளியின் பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்காருவார்.

அந்த நெசவு ஊரில், நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்தவர் சி.என்.அண்ணாதுரை. 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். 1955 முதல் அதில் ‘தம்பி’ என்று விளித்துக் கடிதங்கள் எழுதினார். 1964இல் தோன்றிய ‘காஞ்சி’ இதழிலும் அவை தொடர்ந்தன. பொதுவாக இவற்றை அரசியல் இலக்கியத்தில் சேர்ப்பர். ஆனால் இவை தன்னம்பிக்கை நூல் வகைக்கே உரியவை. 1962 தேர்தலில் சொந்த ஊரிலேயே தோற்றார். தம்பிக்கு எழுதுவது நிற்கவில்லை. முகம் தெரியாத இளைஞனையும் உடன்பிறந்தானாக்கி, படி, எழு என்று அண்ணன் குரலில் சொன்ன அந்த அழைப்பே தமிழ்த் தன்னம்பிக்கை நூலுக்கு அதன் தனிக்குரலைக் கொடுத்தது.

தொண்டியில் பிறந்த அப்துற் றஹீம் ‘வாழ்க்கையில் வெற்றி’ முதலிய நூல்களை இத்துறையில் எழுதினார். எம்.எஸ்.உதயமூர்த்தி அமெரிக்காவில் வேதியியலாளராகவும் தொழில்முனைவோராகவும் இருந்தவர், ‘எண்ணங்கள்’ எழுதினார், 1988இல் மக்கள் சக்தி இயக்கம் கண்டார். அவரும் தம் ‘உன்னால் முடியும் தம்பி’ நூலில் அழைத்தது தம்பியைத்தான். அந்நூலின் தலைப்பிலேயே கே.பாலசந்தர் 1988இல் எடுத்த படத்தின் நாயகனுக்கும் உதயமூர்த்தி என்றே பெயர்.

பின்வந்தவற்றுள் அப்துல் கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’, காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியராக இருந்த வெ.இறையன்புவின் நூல்கள் ஆகியன குறிப்பிடத்தக்கவை.