காட்டுப்பன்றி வேட்டைக் கணக்கு: கல்லாற்றை முன்வைத்து ஒரு முறையியல் விவாதம்

பொன்முடி மலைப்பாதையின் அடிவாரத்தில் உள்ள கல்லாறு, திருவனந்தபுரம் மாவட்டம் விதுரா ஊராட்சியைச் சேர்ந்தது. இப்பகுதியில் மரவள்ளியும் வாழையும் காட்டை ஒட்டியே விளைகின்றன. காட்டுப்பன்றிக்கு எல்லைக்கல் தெரியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. உரிமம் உள்ளவர்தாம் சுட வேண்டும்; நஞ்சு, வெடி, மின்சாரம் கூடாது; உடலைப் புதைத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எத்தனை பன்றிகள் செத்தன என்ற கேள்விக்கு இந்தப் பதிவேடு அரைகுறை விடையே தரும். பன்றிகள் குறைந்தனவா என்பதற்கோ அதில் விடையே இல்லை.

அரைகுறை என்பதற்குக் காரணம் வெளிப்படை. குண்டடி பட்டுப் புதருக்குள் ஓடிச் செத்தது, சுருக்குக் கம்பியில் மாட்டியது, பன்றிப்படக்கம் எனும் வெடியைக் கடித்தது என எதுவும் ஏட்டில் ஏறாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெடிபொருளைக் கடித்து இறந்தபோது நாடே கொதித்தது. அதே வெடிக்குப் பலியாகும் பன்றிகளை எண்ண ஆளில்லை. ‘கண்ணி வைத்தீர்களா?’ என்று நேரில் கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்? இத்தகைய கேள்விகளுக்காகவே ஆய்வாளர் ஸ்டான்லி வார்னர் 1965இல் ஒரு வழி சொன்னார். அதன் எளிய வடிவில், பதில் சொல்பவர் மறைவாக நாணயம் சுண்டுவார்: தலை விழுந்தால் ‘ஆம்’ என்றே சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். நூறு பேரில் அறுபது பேர் ‘ஆம்’ என்றால், ஐம்பது நாணயத்தின் கணக்கு. மீதி ஐம்பது பேரில் பத்துப் பேர், அதாவது ஐந்தில் ஒருவர், உண்மையாகவே கண்ணி வைத்தவர். ஆனால் இது ஆட்களை எண்ணுகிறது, பன்றிகளை அல்ல.

பன்றிகள் குறைந்தனவா என்ற இரண்டாவது கேள்விதான் கடினமானது. லெஸ்லியும் டேவிசும் 1939இல் வெளியிட்ட கட்டுரையில், சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகர எலிகளைப் பொறியில் பிடித்த கணக்கிலிருந்தே அவற்றின் மொத்த எண்ணிக்கையை மதிப்பிட்டனர். அங்கே திறவுகோல் முயற்சியின் அளவு. ஒரு கற்பனைக் கணக்கு: முதல் 20 இரவுக் காவலில் 20 பன்றிகள், அடுத்த 20 இரவுகளில் 16 என்றால், இரவுக்கு ஒன்று என்பது 0.8 ஆகிறது. இருபதை அகற்றியதும் ஐந்தில் ஒரு பங்கு சரிந்ததால், தொடக்கத்தில் ஏறத்தாழ 100 பன்றிகள் இருந்திருக்கும். அதே பதினாறும் 16 இரவுகளிலேயே விழுந்திருந்தால், சுட்டது கூட்டத்தை உறுத்தவே இல்லை என்று பொருள். இரண்டு நிலையிலும் மொத்தம் 36தான். சுடப் போய் வெறுங்கையோடு திரும்பிய இரவுகளை எழுதாதவரை இந்த வேறுபாடு தெரியாது.

கல்லாற்றில் இந்தச் சூத்திரத்தை அப்படியே பொருத்துவதும் பிழை. அது மூடிய பரப்பைக் கருதுகிறது. இங்கே பின்னால் அகத்தியமலைக் காடு. சுட்ட இடத்துக்கு வேறு பன்றி இறங்கி வரும், கணிப்பு வீங்கும். மறுபுறம், துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரண்ட பன்றி ஒதுங்கிவிட்டால் கூட்டம் கரைந்ததுபோலத் தோன்றும், கணிப்பு சுருங்கும்.

எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது; அதனால்தான் வயதைக் காட்டும் பன்றியின் கீழ்த்தாடை முக்கியம். இரண்டாம் கடைவாய்ப்பல் ஏறத்தாழ ஓராண்டிலும் மூன்றாவது இரண்டாண்டை ஒட்டியும் முளைக்கும். குட்டி, இளசு, முதிர்ந்தது என்று பிரிக்க அது போதும். குழியில் புதைக்கும் முன் வாயைத் திறந்து ஒரு படம் எடுத்துப் பாலினத்தையும் குறித்தால் செலவு அதிகமில்லை. சுடப்பட்டவை பெரும்பாலும் இளம் ஆண்கள் என்று தெரியவந்தால், குட்டி போடும் பெண் பன்றிகள் காட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் அடுத்த ஆண்டு மரவள்ளி தப்பாது.

ஊராட்சி அலுவலகத்துக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். இரவுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை, பாலினம், பல் என்று பதிவேட்டில் நான்கு பத்திகளைக் கூட்டுவதே நான் கேட்பது. சுடுபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் தரும் முறையில், பன்றி விழாத இரவை எழுத அவருக்குக் காரணமே இல்லை. அந்த இரவுக்கும் ஒரு சிறு தொகை தந்தாக வேண்டும்.