ஒரே மைதானம், இரு கரைகள்

எமது சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், கல்லூரியின் விளையாட்டு வரலாறு பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். நாம் வென்ற கேடயங்கள் மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் உள்ளன. அவற்றை யாரும் எண்ணிக்கொள்ளலாம். அக்கேடயங்களுக்காக எம்மோடு போட்டியிட்டவர்கள் யார், அவர்களும் நாமும் ஒரே கோட்டிலிருந்துதான் ஓடத் தொடங்கினோமா என்பதையே நான் எழுத விரும்புகிறேன்.

மட்டக்களப்பில் பாடசாலை விளையாட்டு மிஷன் பாடசாலைகளோடு வந்தது. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய பாடசாலை இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வின்சென்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை தன் தொடக்கத்தை 1820இலிருந்து கணக்கிடுகிறது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் 1929இல் சிவானந்தா வித்தியாலயம் எழுந்தது. இவற்றுக்கு நிலம் இருந்தது, விடுதி இருந்தது, நன்கொடையும் கட்டணமும் இருந்தன. கடல்கடந்து வந்த ஆசிரியர்கள் பாடப்புத்தகங்களோடு பந்தையும் கொண்டுவந்தனர். பெண்பிள்ளைகளின் வலைப்பந்து 1920களில் கண்டியிலிருந்த பெண்கள் உயர்தரப் பாடசாலை ஒன்றின் வழியாக இலங்கைக்கு அறிமுகமாகிப் பின்னர் பிற ஊர்களுக்குப் பரவியது. மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தை அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் வளர்த்தனர். வெபர் அடிகளாரின் பெயரை நகரத்து மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. கூடைப்பந்துப் பயிற்றுநராக எல்லோரும் அறிந்த இயூஜின் ஹெபியர் அடிகளார் 1990 ஆகஸ்டு 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். அவரிடம் பந்து பிடிக்கப் பழகியவர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர்.

அக்காலத்தில் வாவியின் மேற்குக் கரையில் இருந்த கிராமத்துப் பாடசாலைகளுக்குப் பந்து ஒரு பொருட்டே அல்ல. வயல் வேலைக்குப் போகாமல் பிள்ளை வகுப்புக்கு வருவதே அங்கு பெரிய வெற்றியாக இருந்தது.

இந்த இடைவெளியைக் குறைக்க அரசு எடுத்த முயற்சிகளும் வரலாற்றில் உண்டு. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில் நாடெங்கும் 50க்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் நிறுவப்பட்டன. கிராமத்துப் பிள்ளை புலமைப்பரிசில் பெற்று, விடுதியில் தங்கி, ஆய்வுகூடத்தையும் மைதானத்தையும் அனுபவிக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். எமது மாவட்டத்தில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அப்படிப்பட்டது. பின்னாளில் அதன் வளாகத்தில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமும் உருவாகின.

அடுத்த பெரிய மாற்றம் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு நன்கொடை பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. சில பெரிய பாடசாலைகள் மட்டும் தனியாராகவே இருக்கத் தீர்மானித்தன. யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் கல்லூரியும் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும் இன்றும் அவ்வாறே இயங்குகின்றன. மட்டக்களப்பு நகரத்திலோ மிக்கேல், மெதடிஸ்த மத்திய கல்லூரி, வின்சென்ட், சிசிலியா, சிவானந்தா ஆகிய ஐந்தும் இன்று அரச தேசிய பாடசாலைகளே. ஆகவே தனியார் பாடசாலைக்கும் அரச பாடசாலைக்கும் இடையிலான போட்டி என்ற பேச்சு எமது மாவட்டத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். சட்டப்படி அது சரி. மைதானத்தில் அப்படியில்லை.

இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு அனுபவம் ஒன்று உதவும். ஐக்கிய அமெரிக்காவில் இது நெடுநாளைய வாதம். அங்கு அரச பாடசாலை பொதுவாகத் தன் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளைச் சேர்க்கும். தனியார் பாடசாலை எங்கிருந்தும் சேர்க்கலாம். அதனால் சிறிய தனியார் பாடசாலையும் பெரிய அணியைத் திரட்டிவிடுகிறது. நியூஜேர்சி மாநிலம் பல விளையாட்டுகளில் இரு சாராருக்கும் தனித்தனி இறுதிப் போட்டிகளை நடத்துகிறது. இலினோய் மாநிலம் 2005இல் வேறொரு விதியைக் கொண்டுவந்தது. சேர்க்கை எல்லை இல்லாத பாடசாலையின் மாணவர் தொகையை 1.65ஆல் பெருக்கி, வரும் எண்ணுக்கேற்ற பிரிவில் அதைப் போட்டியிட வைத்தார்கள். அவ்விதியில் தனியார் என்ற சொல்லை விட எல்லை என்ற சொல்லுக்கே கனம் அதிகம். பாடசாலையின் சொந்தக்காரர் யார் என்பதைக் காட்டிலும், அது எங்கிருந்து பிள்ளைகளை எடுக்கிறது என்பதே களத்தில் பலத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கண்ணாடியை அணிந்து எமது மாவட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் 10,000க்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் 400 அளவிலானவையே மத்திய அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலைகள். ஏனையவை 13ஆம் திருத்தத்தின் பின் மாகாண சபைகளின் பொறுப்பில் வந்தவை. தேசிய பாடசாலைக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மூலம் தூரத்துக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கிராமத்துப் பாடசாலைக்கு அக்கிராமத்துப் பிள்ளைகளே உண்டு. அவர்களிலும் கெட்டிக்காரர் ஆறாம் வகுப்போடு போய்விடுவர். கோட்டம், வலயம், மாகாணம் எனப் போட்டிகள் ஏறும்போது, இரண்டும் அரச பாடசாலை என்ற ஒரே பெயரில் ஒரே கோட்டில் நிற்கின்றன.

இன்னொன்றும் உண்டு. அரசு தரும் பணம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே விதமாக வந்தாலும், பழைய மாணவர் தரும் பணம் அப்படி வருவதில்லை. கூடைப்பந்துத் திடலுக்குச் சீமெந்து, சப்பாத்து, சீருடை, பயிற்றுநருக்கான கொடுப்பனவு, கொழும்புக்குப் போக பஸ் ஆகியவற்றை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள எம் சகோதரிகள் அனுப்பிய பணமே தாங்கியது. அதற்காக நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படவும் வேண்டும். ஆனால் அரச பாடசாலைக்குள் இருக்கும் தனியார் பலம் இதுவே. வலையிறவுப் பாலத்துக்கு அப்பால் அப்படியொரு சங்கம் எத்தனை பாடசாலைகளுக்கு உண்டு?

நான் உன்னிச்சையில் பிறந்தவள். புலமைப்பரிசில் பெற்று இக்கல்லூரி விடுதிக்கு வந்து, நீல இல்லத்துக்காகவும் பின்னர் கல்லூரிக்காகவும் ஓடினேன். எனது சான்றிதழ்களில் கல்லூரியின் பெயர் உண்டு, எனது கிராமத்தின் பெயர் இல்லை. நான் இங்கு வந்த ஆண்டில் எமது கல்லூரிக்கு ஓர் ஓட்டக்காரி கிடைத்தாள், அங்கு ஒரு சிறிய பாடசாலை ஓர் ஓட்டக்காரியை இழந்தது. யாரும் தவறு செய்யவில்லை. வாய்ப்பு எங்கே இருந்ததோ அங்கே பிள்ளையை அனுப்பினார் எனது தகப்பனார். அவர் காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. யுத்த காலத்தில் வவுணதீவுச் சோதனைச்சாவடி எழுவான்கரையையும் படுவான்கரையையும் இரு நாடுகள்போலப் பிரித்தது. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை சனங்கள் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தனர். இன்றும் பின்னேரப் பயிற்சி முடிந்து பிள்ளை வீடு திரும்பும் முன் இருட்டிவிட்டால், யானைக்குப் பயந்து தாய் வாசலில் நிற்கிறாள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பயிற்சி வைக்க முடியாத பாடசாலையும், மின்விளக்கில் பயிற்சி செய்யும் பாடசாலையும் வலயப் போட்டியில் எப்படிச் சமமாகும்?

ஆயினும் வசதியில்லாத பாடசாலை தோற்கவே பிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இலங்கை வலைப்பந்து அணியை ஆசியச் சம்பியனாக்கியவர்களில் முதன்மையான தர்ஜினி சிவலிங்கம் வசாவிளான் மத்திய கல்லூரியில் படித்தவர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் உருவானவர். இரண்டும் அரச பாடசாலைகளே. பிள்ளையின் திறமையைக் கண்டுகொள்ளும் ஓர் ஆசிரியரும், நாள்தோறும் பழக ஓர் இடமும் கிடைத்தால் போதும் என்பதை இவர்கள் காட்டினார்கள்.

அமெரிக்கரைப் போல நாமும் பெருக்கல் விதி கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எமது நாட்டிலும் பாடசாலைக் கிரிக்கெட்டைப் பிரிவுகளாக வகுத்து நடத்துகிறார்கள். வலயப் போட்டிகளுக்கும் அது பொருந்துமா என்று கல்வித் திணைக்களம் யோசிக்கட்டும். அதுவரை எமது சங்கத்தின் கையிலேயே சில காரியங்கள் உள்ளன. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைப் படுவான்கரைக்கு ஒதுக்கலாம். எமது கூடைப்பந்துத் திடலையும் வலைப்பந்துத் திடலையும் சனிக்கிழமை காலைகளில் மட்டக்களப்பு மேற்கு வலயத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம்; பஸ் கட்டணத்தை நாம் கொடுக்கலாம். எமது பயிற்றுநர் மாதம் இருமுறை உன்னிச்சைப் பக்கம் போய்வரலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, அங்கே திறமையுள்ள பிள்ளையைக் கண்டால் எமது கல்லூரிக்கு இழுத்துக்கொள்ளாமல், அவள் தன் பாடசாலையின் பெயரை மார்பில் அணிந்து எம்மோடு ஓடுவதற்குத் துணைநிற்கலாம். அவளிடம் நாம் தோற்கும் நாளும் வரலாம். வரட்டும். சமமானவர்களை வென்று எடுத்த கேடயத்துக்கே மதிப்பு.

உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு வாவியைக் கடந்து நகரத்துக் குழாய்களில் வருகிறது. எமது மாணவிகள் ஓடிக் களைத்துக் குடிப்பதும் அதையே. அக்கரையிலிருந்து நாம் பெற்றது நீர் மட்டுமல்ல, எத்தனையோ பிள்ளைகளும்தான். இரண்டாவது நூற்றாண்டில் அடியெடுத்து வைக்கும் எமது சங்கம், பெற்றதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் என நம்புகிறேன். சங்கம் வளர்க! இரு கரையும் செழிக்க!